வீட்டுச் சாமான்களுக்கு ஒரு கொப்பி



நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்ட வரலாற்றைச் சிறு வயதில் மத்ரஸாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். வீட்டைச் சுற்றி எதிரிகள் நிற்க, நபியவர்களின் விரிப்பில் அலி (ரழி) அவர்கள் படுத்திருந்த செய்தி எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதே வரலாற்றில் உள்ள இன்னொரு விடயத்தை நாம் மேலோட்டமாகக் கடந்து போய்விடுகிறோம்.

அலி (ரழி) அவர்கள் மக்காவில் தங்க வைக்கப்பட்டது விரிப்பில் படுப்பதற்காக மட்டுமல்ல. மக்காவாசிகள் தங்கள் பொருட்களைப் பாதுகாப்புக்காக நபி (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்து வைத்திருந்தார்கள். ஊரை விட்டே விரட்டிய அந்த மக்களின் பொருட்களை, ஒன்றும் குறையாமல் உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு அலி (ரழி) அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் மூன்று நாட்கள் மக்காவில் நின்று அமானிதங்களை எல்லாம் கொடுத்து முடித்த பிறகே மதீனாவுக்குப் புறப்பட்டார்கள் என ஸீரா நூல்கள் கூறுகின்றன.

சற்று யோசித்துப் பாருங்கள். உயிருக்கே ஆபத்தான நேரம். அந்த நேரத்திலும் இன்ன பொருள் இன்னாருடையது என்பது தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்தபடியால்தான் இன்னொருவர் கையில் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கவும் முடிந்தது.

இனி நமது வீட்டை நினைத்துப் பார்ப்போம். நாளைக்கு நாம் இல்லாமற் போனால், அல்லது வீடே இல்லாமற் போனால், அங்கே என்னென்ன இருந்தன, அவை யார் யாருக்குச் சொந்தம் என்று இன்னொருவரால் சொல்ல முடியுமா? அல்மாரியின் லாச்சியில் இருக்கும் காப்பு உம்மாவுடையதா, மகளுடையதா? அறையில் இருக்கும் தையல் மெஷின் மாமியுடையதா, மருமகளுடையதா? பக்கத்து வீட்டு ராத்தா வெளிநாடு போகும்போது வைத்துவிட்டுப் போன பெட்டி எது?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் ஒரு கொப்பியைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சொல்லிக்கொண்டு வராத சோதனைகள்

வீட்டை இழப்பது என்பது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. இந்த நாட்டில் எமது சமூகம் அதைப் பல முறை கண்டுவிட்டது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வீட்டை விட்டு வெளியேறக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என வடக்கின் மற்றைய இடங்களில் இருந்தும் அதே மாதத்தில் எமது மக்கள் விரட்டப்பட்டார்கள். நகையும் பணமும் காணி உறுதிகளும் வழியிலேயே பறிக்கப்பட்டன. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வந்து சேர்ந்தவர்களிடம், தாங்கள் விட்டுவந்தது இன்னதுதான் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் வந்தபோது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, கிண்ணியா, அம்பாந்தோட்டை மக்களுக்கு அந்த இரண்டு மணித்தியாலமும் கிடைக்கவில்லை. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மேயில் மினுவாங்கொடையிலும் தீ வைத்தவர்கள் அறிவித்துவிட்டு வரவில்லை. 2016 மே மாதம் கொலன்னாவைப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண்சரிவு வீடுகளையே மூடியது.

இவற்றையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வருவதும் போவதும் அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (திர்மிதி). எழுதி வைப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவது போன்ற ஒரு காரியம்தான்.

எண்ணிப் பார்ப்பது உலக ஆசையா?

"ஹஸ்ரத், பொருளைச் சேர்த்து எண்ணிக்கொண்டிருப்பவனை ஸூரத்துல் ஹுமஸாவில் அல்லாஹ் கண்டித்திருக்கிறானே! வீட்டில் உள்ள பீங்கானையும் கோப்பையையும் எண்ணி எழுதச் சொல்லலாமா?" என்று ஒரு சகோதரி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான்.

அந்த ஸூராவில் கண்டிக்கப்படும் மனிதன் யார்? பொருள் தன்னை என்றென்றும் வாழ வைக்கும் என்று நினைப்பவன். அவன் எண்ணுவது பெருமைக்காக. நாம் எண்ணச் சொல்வது ஹக்கைத் தெரிந்துகொள்வதற்காக. கியாமத் நாளில் பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு: எங்கிருந்து தேடினாய், எதில் செலவழித்தாய் (திர்மிதி). கணக்குத் தெரியாதவர் இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறார்?

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதுமல்ல. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதுவதில் சடைவு வேண்டாம் என்றும், அதுவே நீதிக்கு நெருக்கமானது, சந்தேகம் வராமல் காப்பது என்றும் அந்த வசனம் கற்பிக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் வபாத்தான வேளையில் அவர்களது போர்க்கவசம் ஒரு யூதரிடம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புஹாரி). என்ன பொருள், யாரிடம், எவ்வளவுக்கு என்ற மூன்றும் அந்த வீட்டில் தெரிந்திருந்தது. உலக ஆசை கொஞ்சமும் இல்லாத வீடு அது. ஆனால் கணக்கு இல்லாத வீடு அல்ல.

கொப்பியை எழுதும் முறை

இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பிள்ளைகள் பாவிக்கும் நீளக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு ஐந்து கட்டங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்: பொருள், எத்தனை, வாங்கிய ஆண்டு, விலை, யாருடையது.

ஒரே நாளில் எல்லாம் முடிக்க நினைத்தால் சலிப்பு வந்துவிடும். ஒரு நாளைக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசற் கதவில் நின்று வலப் பக்கச் சுவரில் இருந்து தொடங்கி, சுற்றி வந்து மறுபடியும் கதவில் முடியுங்கள். அப்போது ஒன்றும் விடுபடாது. முன்மண்டபத்துச் செட்டி, மின்விசிறி, மணிக்கூடு, கிதாபு அல்மாரி. படுக்கை அறையில் கட்டில், மெத்தை, அல்மாரி, அதற்குள் இருக்கும் பிடவைகள். பிடவைகளைத் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. "சாரி 20, அபாயா 6" என்று தொகையாக எழுதினாலே போதும்.

நாம் எப்போதும் மறந்துபோவது குசினியைத்தான். பிரிட்ஜ், கேஸ் அடுப்பு, சிலிண்டர், ரைஸ் குக்கர், பிளெண்டர், கல்யாண வீட்டுக்கு எடுக்கும் பெரிய சட்டிகள், ஸஹன்கள், உம்மாவின் காலத்துப் பித்தளைச் சாமான்கள். இவற்றைத் திரும்ப வாங்கப் போகும்போதுதான் ஒரு குசினிக்குள் எவ்வளவு பணம் இருந்தது என்பது விளங்கும். பின்னர் வெளியே உள்ள தண்ணீர் மோட்டார், பைசிக்கிள், கோழிக்கூடு.

மின்சாரச் சாமான்களின் பின்பக்கத்தில் ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் உள்ள மாதிரி இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். களவு போனால் பொலிஸில் முறைப்பாடு செய்யவும் அதுதான் உதவும். பற்றுச்சீட்டு இருந்தால் அதைக் கொப்பியின் பின்னால் ஒட்டிவிடுங்கள். கடைப் பற்றுச்சீட்டுகளின் மை சில வருடங்களில் மறைந்துபோகும். ஆகவே ஒரு போட்டோப் பிரதியும் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத பழைய பொருளுக்கு உத்தேச விலை என்று குறிப்பிட்டு எழுதலாம்.

நகைகளுக்குத் தனிப் பக்கம் வேண்டும். நகை, அதன் நிறை, எத்தனை கரட், எந்த ஆண்டில் யார் கொடுத்தது என்று எழுதுங்கள். அடகில் இருந்தால் எங்கே, எவ்வளவுக்கு, மீட்க வேண்டிய திகதி என்ன என்பதையும் சேருங்கள்.

இன்று அநேகமான வீடுகளில் கெமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. ஒவ்வொரு அறையையும், திறந்த அல்மாரியையும், நகைகளையும் படம் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இந்தப் படங்களை நாளைக்கு மதிப்பீடு செய்ய வரும் அந்நிய ஆடவர்கள் பார்க்கக்கூடும். ஆகவே வீட்டுப் பெண்கள் அவற்றில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கட்டம்

காப்புறுதிக் கம்பனிகள் கேட்பது முதல் நான்கு கட்டங்களையும்தான். என்ன பொருள், எத்தனை, எப்போது வாங்கியது, என்ன விலை. ஆனால் மார்க்கம் எம்மிடம் முதலில் கேட்பது ஐந்தாவது கட்டத்தை: யாருடையது?

இஸ்லாத்தில் கணவனின் பொருள் வேறு, மனைவியின் பொருள் வேறு. நிக்காஹ் முடிந்தவுடன் அவளது சொத்து அவனுடையதாகிவிடுவதில்லை. மஹர் அவளுக்கே உரியது. அதில் ஒரு பகுதியை அவள் மனம் விரும்பிக் கொடுத்தால் மட்டுமே கணவன் அனுபவிக்கலாம் என்று ஸூரத்துன் நிஸாவின் 4ஆம் வசனம் சொல்கிறது. அவளது தாய் தகப்பன் அவளுக்கென்று கொடுத்த நகையும் தளபாடமும் அவளுடையவை. அவள் தையல் தைத்தோ, படிப்பித்தோ, மத்திய கிழக்கில் பாடுபட்டோ வாங்கியவையும் அவளுடையவை.

இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் இருபது வருடங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பிறகு, எது யாருடையது என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வியாபாரத்துக்கு முதல் போதவில்லை என்று மனைவியின் மாலையை வாங்கி அடகு வைப்பார்கள். மாலை மூழ்கிப்போகும். அது அன்பளிப்பா, கடனா என்று அன்று யாரும் பேசவில்லை. கேட்டால் சண்டை வரும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவாள். அவள் விட்டுக்கொடுத்திருந்தால் அது அவளுக்கு ஸதகாவின் கூலி. விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அது கணவன் மீதுள்ள கடன். கடனோடு மவுத்தாவது எவ்வளவு பாரதூரமான விடயம் என்பதை ஆண்களும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கைக்கூலி வாங்குவது எமது சமூகத்தில் ஒழிய வேண்டிய வழக்கம். ஆனால் கொடுத்துவிட்ட இடங்களில் அதன் நிலை என்ன? மணமகளின் பாவனைக்கென்று மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்டது என்றே 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதனைக் கருதுகிறது. மஹரையும் கைக்கூலியையும் திருப்பிக் கேட்டுப் பெண் காதியிடம் போகலாம். ஆனால் போனபிறகு, கொடுத்தது என்ன, எப்போது, யார் முன்னிலையில் என்று கேட்பார்களே! அப்போது அழுகை சாட்சியாகாது. எழுத்துத்தான் சாட்சி.

சுனாமிக்குப் பிறகு கிழக்கில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். அங்கே வீடும் வளவும் மகளுக்குக் கொடுப்பது பரம்பரை வழக்கம். கடல் கொண்டுபோன வீடுகளில் பல பெண்களின் பெயரில் இருந்தவை. ஆனால் புதிய வீடுகள் கொடுக்கப்பட்டபோது குடும்பத் தலைவர் யார் என்றே கேட்கப்பட்டது. குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயர் எழுதப்பட, வீடும் அவர் பெயருக்குப் போனது. பெண்ணுக்கு வாப்பா கொடுத்த வீடு, எவரும் வேண்டுமென்று பறிக்காமலேயே, ஒரு படிவத்தின் ஒரு வரியில் கைமாறிவிட்டது.

மையித்து வீட்டில்

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு அவளது தாய் தகப்பன் கொடுத்ததும் மஹராகக் கிடைத்ததுமாக 16 பவுண் நகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன் மவுத்தாகிறார். பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் உள்ளவை எல்லாம் மையித்தின் சொத்து என்று எண்ணிப் பங்கு வைக்கிறார்கள். பிள்ளைகள் உள்ள இடத்தில் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. ஆகவே அவளது சொந்த நகையில் இருந்தே 2 பவுணை அவளுக்குக் கொடுத்து, 14 பவுணை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். பங்கு வைத்தவர்கள் எட்டில் ஒன்று என்ற சட்டத்தைச் சரியாகத்தான் நிறைவேற்றினார்கள். ஆனால் அதற்கு முந்திய சட்டத்தை விட்டுவிட்டார்கள்: மையித்துக்குச் சொந்தமில்லாததை முதலில் ஒதுக்கிவிட வேண்டும்.

முறை என்னவென்றால், பிறருடைய பொருட்களைப் பிரித்தெடுத்த பின்னர், ஜனாஸாச் செலவு, அதன் பின் கடன், அதன் பின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத், மிஞ்சியதே வாரிசுகளுக்கு. கொடுக்கப்படாத மஹரும் அந்தக் கடனில் சேர்ந்ததே. இத்தாவில் இருக்கும் ஒரு பெண் தனது காப்புக்காக மைத்துனர்மாருடன் வாதாட வேண்டிய நிலை வரக்கூடாது. கொப்பி அவளுக்காகப் பேசட்டும்.

எழுதி வைத்த வஸிய்யத் இல்லாமல், வஸிய்யத் செய்ய வேண்டிய ஒரு பொருளை வைத்துக்கொண்டு இரண்டு இரவுகளைக் கழிப்பது ஒரு முஸ்லிமுக்குத் தகாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு உமர் (ரழி) அறிவிக்கிறார்கள் (புஹாரி, முஸ்லிம்). அதைக் கேட்ட நாள் முதல் வஸிய்யத் இல்லாமல் ஓர் இரவும் தான் கழிக்கவில்லை என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நீதி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். சில உம்மாமார், வீட்டில் உள்ள எல்லாச் சாமான்களும் என் மகளுடையவை என்பார்கள். கணவர் தன் உழைப்பில் வீட்டுப் பாவனைக்கு வாங்கிய பிரிட்ஜ் அவருடையது. அவர் அதை மனைவிக்கென்று கொடுத்திருந்தால்தான் அவளுடையது. மாமியின் கட்டிலை மாமியின் பெயரிலேயே எழுதுங்கள். வெளிநாட்டில் உள்ள தம்பி வைத்துவிட்டுப் போன தொலைக்காட்சியைத் தம்பியின் பெயரில் எழுதுங்கள். அமானிதம் என்பதற்கு அர்த்தம் அதுதான்.

கணவரிடம் சொல்வது எப்படி?

"கொப்பி எழுதப் போனால் அவர் கோபிப்பாரே!" என்று சிலர் தயங்கலாம். வீட்டில் பேச்சு இப்படிப் போகலாம்.

"இஞ்சாருங்க, வீட்டுச் சாமான் எல்லாம் ஒரு கொப்பியில எழுதுவமா?"

"என்னத்துக்கு? என்னில நம்பிக்கை இல்லையா?"

"உங்களில நம்பிக்கை இருக்கு. நமக்குப் பொறகு வாறவங்கள யாரு கண்டா? நாம ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கக்குள்ளேயே எழுதி வெச்சா, நாளைக்குப் புள்ளைகள் சண்டை பிடிக்காதுகள்."

இதற்கு மறுப்புச் சொல்லும் கணவர்மார் குறைவு. மனஸ்தாபம் வந்த பிறகு எழுதும் பட்டியல் வழக்காகிவிடும். அன்பாக இருக்கும் காலத்தில் எழுதும் பட்டியல் வஸிய்யத்தைப் போல இருக்கும். இருவரும் சேர்ந்து எழுதி, கடைசியில் இருவரும் திகதியிட்டுக் கையொப்பம் வையுங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதியும் தகாபுலும்

வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வர்த்தகக் காப்புறுதி கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையே அதற்கு மாற்றீடு என்றும் 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்தது. அந்த அடிப்படையில் அமைந்ததுதான் தகாபுல். 1979இல் சூடானில் தொடங்கிய இம்முறை 1999இல் இலங்கைக்கும் வந்தது. பலர் நன்கொடையாகச் சேர்க்கும் நிதியில் இருந்து, பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பது இதன் அடிப்படை. பிரயாணத்திலோ ஊரிலோ உணவு குறைந்தால், உள்ளதை எல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் அஷ்அரீ கோத்திரத்தாரை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்து, அவர்கள் தன்னைச் சேர்ந்தவர்கள் என்றார்கள் (புஹாரி, முஸ்லிம்). தகாபுலின் உள்ளம் அந்த ஹதீஸில் இருக்கிறது.

வீட்டுக்குத் தகாபுல் எடுப்பவர்கள் கையொப்பம் வைப்பதற்கு முன் நான்கு விடயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது: வெள்ளம், புயல், மண்சரிவு, கலவரம் ஆகியவை இதில் அடங்குமா? தீக்கான பத்திரத்தில் இவை தாமாகச் சேர்ந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டி வரலாம்.

இரண்டாவது: நகைக்கும் காசுக்கும் எல்லை இருக்கிறதா? பல பத்திரங்களில் நகையைப் பெயர் குறித்துத் தனியாகக் காட்ட வேண்டும்.

மூன்றாவது: பழைய பொருளின் இன்றைய பெறுமதியைக் கொடுப்பார்களா, புதிதாக வாங்கும் விலையைக் கொடுப்பார்களா?

நான்காவது: பெறுமதியைக் குறைத்துக் காட்டினால் என்ன நடக்கும்? இதைப் பலர் அறியார்கள். வீட்டுச் சாமான்களின் பெறுமதி 20 இலட்சம், கட்டுப்பணம் குறையட்டும் என்று 10 இலட்சம் என எழுதினீர்கள் என்று வைப்போம். 4 இலட்சத்துக்குச் சேதம் ஏற்பட்டால் முழுவதும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். பாதிப் பெறுமதிக்குத்தானே எழுதினீர்கள், ஆகவே பாதியே, அதாவது 2 இலட்சமே தருவோம் என்பார்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் சுமார் 360 ரூபாவானது. அதற்கு முன் எழுதிய விலைகளை அப்படியே விட்டவர்கள், தாம் அறியாமலே பெறுமதியைக் குறைத்துக் காட்டியவர்களாகிவிட்டார்கள். ஆகவே விலைக் கட்டத்தை வருடத்துக்கு ஒரு முறை திருத்துங்கள்.

குறைப்பது போலவே கூட்டுவதும் கூடாது. இல்லாத நகையை இருந்ததாக எழுதுவதும், பழைய மெத்தைக்குப் புதிய விலை போடுவதும் மோசடி. மோசடி செய்பவர் எம்மைச் சார்ந்தவர் அல்லர் என்பது நபிமொழி (முஸ்லிம்). தகாபுல் நிதி ஒரு கம்பனியின் பணம் அல்ல, உங்களைப் போன்ற குடும்பங்கள் போட்ட பணம். வெள்ள நிவாரணப் படிவத்துக்கும் இதே சட்டம்தான். ஒருவர் கூட்டி எழுதினால் இன்னொரு வீட்டுக் குழந்தையின் பங்கு குறைகிறது.

ஸகாத்துக்கும் இதே கொப்பி

நகைப் பக்கம் இன்னொரு வகையிலும் உதவும். தங்கத்தின் நிஸாப் 85 கிராம் என்று இன்றைய உலமாக்களில் பலர் கணிக்கிறார்கள். பவுணுக்கு 8 கிராம் என்று பார்த்தால் பத்தரைப் பவுணுக்குச் சற்று அதிகம். எமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, பெண் அணிவதற்கென்று வைத்திருக்கும் அளவான நகைக்கு ஸகாத் இல்லை. சேமிப்பாக வைத்திருக்கும் தங்கத்துக்கு உண்டு. ஹனபி மத்ஹபில் அணியும் நகைக்கும் உண்டு. எனவே நகைப் பக்கத்தில் "அணிவது", "சேமிப்பு" என்று பிரித்து எழுதிவிட்டால் ஸகாத் கணக்கு இலகுவாகும். நிஸாபும் ஒவ்வொருவருடைய பொருளுக்கும் தனித்தனியே. உம்மாவின் நகையையும் மகளின் நகையையும் சேர்த்து எண்ணுவதில்லை. இங்கேயும் ஐந்தாவது கட்டம்தான் வழிகாட்டுகிறது.

கொப்பி எங்கே இருக்க வேண்டும்?

வீட்டோடு சேர்ந்து கொப்பியும் எரிந்துவிட்டால் எழுதியும் பயனில்லை. ஆகவே ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான நானாவிடமோ தாத்தாவிடமோ மூடிய உறையில் கொடுத்து வையுங்கள். பக்கங்களைப் படம் எடுத்து வெளியூரில் உள்ள மகனுக்கு அனுப்பி வையுங்கள். காணி உறுதி, விவாகப் பதிவு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களின் இலக்கங்களையும் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பத்திரம் தொலைந்தாலும் இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால், காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுப்பது இலகுவாகும்.

வருவோர் போவோருக்கு இந்தக் கொப்பியைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணேறும் களவும் அப்படித்தான் வரும்.

எழுதி முடித்த பிறகு ஒரு தடவை கொப்பியை முழுமையாக வாசித்துப் பாருங்கள். வருடக் கணக்கில் பாவிக்காத சாமான்கள் எத்தனை என்பது அப்போது தெரியும். அவற்றுள் உங்களுடையதை ஏழைக் குமருக்கோ, வெள்ளத்தில் எல்லாம் இழந்த வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். அதற்குரிய வரியைக் கோடு போட்டு வெட்டும்போது கவலைப்படாதீர்கள். அழியாத கொப்பியில் அது எழுதப்பட்டுவிடும். பிறருடைய பெயர் எழுதிய வரிகள் இருந்தால், அவர்களை அழைத்துப் பொருளைக் கொடுத்துவிடுங்கள்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் எம்மை ஏவியிருக்கிறான். இந்த ஏவல் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்தே இக்காரியம் தொடங்கட்டும். எமது பொருட்களிலும் எமது குடும்பங்களிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஒருவரின் ஹக்கை ஒருவர் உண்ணாத வீடுகளாக எமது வீடுகளை ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.